யார்க் நகரின் தரைக்கடியில் ஒரு வைக்கிங் தெரு: முதல்முறை போகிறவர்களுக்கு

லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் யார்க் வந்துவிடும். சுற்றிலும் பழைய மதில், நடுவில் பிரம்மாண்டமான தேவாலயம், இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் இடிக்கும் சந்துகள் என்று தரைக்கு மேலேயே பார்க்க நிறைய இருக்கிற ஊர். இந்தக் கட்டுரை தரைக்குக் கீழே இருப்பதைப் பற்றியது. காப்பர்கேட் கடைத்தொகுதியின் அடித்தளத்தில், ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங்குகளின் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தெரு ஒன்றை, அது இருந்த அதே இடத்தில் மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். யோர்விக் வைக்கிங் மையம் என்று பெயர். யோர்விக் என்பது வைக்கிங்குகள் யார்க்கை அழைத்த பெயர்.

பிரிட்டனில் இருக்கும் நம்மவர்கள் பிள்ளைகளோடு போய்வரும் இடம்தான் இது. போய்வந்தவர்களைக் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். ஒன்று, "அருமை, கட்டாயம் போங்க." இன்னொன்று, "கால் மணி நேரம் பெட்டியில் உட்காரவைத்துப் பொம்மை காட்டினார்கள், அதற்கு இவ்வளவு டிக்கெட்டா?" இரண்டாவது பதில் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், அந்தத் தெருவுக்குள் பெட்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போகும் சவாரிக்கு முன்னால் இருக்கும் அறையையும் பின்னால் இருக்கும் காட்சிக்கூடங்களையும் வேகமாகக் கடந்து வந்திருப்பார்கள். சவாரியில் பார்க்கும் தெரு ஆய்வாளர்கள் வந்தடைந்த முடிவு. அந்த முடிவுக்கு அவர்களைக் கொண்டுபோன சாட்சிகள் எல்லாம் மற்ற அறைகளில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன். எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முன்: கொஞ்சம் கதை தெரிந்திருக்கட்டும்

வரலாற்றுப் பாடம் எல்லாம் வேண்டாம். நாலு விஷயம் தெரிந்தால் போதும்.

கி.பி. 71 வாக்கில் ரோமானியர்கள் ஊஸ், ஃபாஸ் என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் ஒரு படைக்கோட்டை கட்டினார்கள். யார்க்கின் தொடக்கம் அதுதான். ரோமானியர் போனபின் ஆங்கிலியர் என்ற ஜெர்மானியக் குடியினர் வந்தார்கள். 866ஆம் ஆண்டு நவம்பரில் வைக்கிங் பெரும்படை ஊரைப் பிடித்தது. அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு, இடையிடையே கைமாறினாலும், வைக்கிங் அரசர்களின் தலைநகரம் இது. கடைசி அரசன் எரிக் 954இல் விரட்டப்பட்டான். அரசன் போனாலும் ஜனங்கள் எங்கும் போய்விடவில்லை. அதே தெரு, அதே தொழில், அதே பேச்சு என்று வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. மையத்தில் நீங்கள் பார்க்கப்போகும் தெருக்காட்சி 960 வாக்கில் நடப்பதாக அமைத்திருக்கிறார்கள். நம் கணக்கில் சொன்னால் தஞ்சையில் சுந்தர சோழர் ஆண்ட காலம். பெரிய கோவில் எழும்ப இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

அடுத்தது, அகழாய்வு. காப்பர்கேட்டில் ஒரு மிட்டாய்த் தொழிற்சாலை இருந்தது. அதை இடித்துக் கடைத்தொகுதி கட்ட முடிவானபோது, 1972இல் தொடங்கப்பட்டிருந்த யார்க் தொல்லியல் அறக்கட்டளைக்கு முதலில் தோண்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. 1976இலிருந்து 1981 வரை தோண்டினார்கள். அடுத்தடுத்த நான்கு மனைகள். வீடுகள், பட்டறைகள், கொல்லைப்புறங்கள், குப்பைக் குழிகள், கழிப்பிடங்கள். மரம், தோல், துணி, விதை, பூச்சியின் இறக்கை வரை எல்லாம் அப்படியே கிடைத்தன. பதிவுசெய்யப்பட்ட பொருள்கள் மட்டும் ஏறக்குறைய 40,000. விலங்கு எலும்பு டன் கணக்கில்.

இத்தனை வருடம் மரமும் துணியும் எப்படி மக்காமல் இருந்தன? ஈரம்தான் காரணம். இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருப்பதால் அந்த மண் எப்போதும் நீர் கோத்தே இருந்தது. நீர் நிறைந்த மண்ணுக்குள் காற்று புகாது. காற்று இல்லாவிட்டால் மரத்தையும் தோலையும் தின்னும் நுண்ணுயிர்கள் வேலை செய்ய முடியாது. பாலைவனத்தின் வறட்சி எகிப்தில் செய்த வேலையை இங்கே சேறு செய்திருக்கிறது. இது மனதில் இருந்தால், உள்ளே போனதும் ஒரு கம்பளிக் காலுறையைப் பார்த்து ஏன் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள் என்பது புரியும்.

கிடைத்ததை எல்லாம் வேறெங்கோ அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகாமல், தோண்டிய குழியிலேயே ஒரு மையம் அமைத்தார்கள். மேலே கடைகள், கீழே வைக்கிங் ஊர். 1984 ஏப்ரலில் திறந்தார்கள். அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டியும் சீட்டில் எழுதிய குறிப்பும் என்று இருந்த காலத்தில், பார்வையாளரை வண்டியில் ஏற்றி, சத்தத்தோடும் வாசனையோடும் பழைய தெருவுக்குள் கொண்டுபோனது பெரிய பேச்சானது. இப்போது உலகமெங்கும் இப்படிப் பல வந்துவிட்டன. அவற்றுக்கு மூத்தவற்றில் ஒன்று இது.

டிக்கெட்: நேரத்தை முன்பதிவு செய்துவிடுங்கள்

நேரடியாகப் போய் வரிசையில் நின்று வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம். சவாரிப் பெட்டியில் ஒரு தடவைக்குச் சிலர்தான் உட்கார முடியும் என்பதால், உள்ளே விடும் வேகம் குறைவு. மையத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் நாளும் நேரமும் குறித்து முன்பதிவு செய்துகொண்டு போங்கள். கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. குடும்ப டிக்கெட்டையும் தனித்தனி டிக்கெட்டையும் அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சின்னக் குழந்தைகளுக்கான வயது வரம்பையும் அப்போதே பாருங்கள்.

எந்த நாள்? பள்ளி நடக்கும் காலத்தில், வாரநாளில், காலையில் முதல் ஒரு மணி நேரம் அல்லது மாலையில் மூடுவதற்கு முன்னால் உள்ள நேரம். காலையில் பள்ளிக்கூடக் கூட்டங்கள் வரக்கூடும். பிள்ளைகள் இல்லாமல் போகிறவர்கள் மாலையை எடுத்துக்கொண்டால் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நிம்மதியாக நிற்கலாம். ஆனால் மூடும் நேரத்துக்கு ஒன்றேகால் மணி நேரமாவது முன்னால் உள்ளே இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் நுழைந்தால் மறுபடி அந்த "கால் மணி நேரப் பொம்மை" கதைதான்.

பிப்ரவரியில் யோர்விக் வைக்கிங் திருவிழா நடக்கும். ஊர் முழுக்கக் கவசமும் கேடயமுமாக ஆள்கள் நடப்பார்கள், போர்க்காட்சிகள், கைவினைச் சந்தை என்று களைகட்டும். திருவிழாவுக்காகப் போகிறீர்கள் என்றால் அந்த வாரம் போங்கள். மையத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள். இரண்டும் ஒரே நாளில் சரிப்படாது.

யார்க் வரை

ரயில்தான் வசதி. லண்டனிலிருந்து இரண்டு மணி நேரம், நியூகாசிலிலிருந்து ஒரு மணி நேரம், லீட்ஸிலிருந்து அரை மணி நேரம் போல. புறப்படும் நேரத்தில் வாங்கும் டிக்கெட்டின் விலை மயக்கம் வரவழைக்கும். சில வாரங்கள் முன்பாகவே குறிப்பிட்ட ரயிலுக்கான முன்பதிவு டிக்கெட் எடுத்துவிடுங்கள். குழந்தைகளோடு போகிற குடும்பத்துக்கு ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு லாபம்: பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதம் தள்ளுபடி. லண்டனிலிருந்து நாலு பேர் போய்வந்தால் கார்டுக்குக் கொடுத்த பணம் பெரும்பாலும் அந்த ஒரே பயணத்தில் திரும்பி வந்துவிடும்.

காரில் வருகிறவர்கள் ஊருக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து இடம் தேடி அலைய வேண்டாம். ஊர் எல்லையில் பார்க் அண்ட் ரைடு நிறுத்தங்கள் இருக்கின்றன. வண்டியை அங்கே விட்டுவிட்டுப் பேருந்தில் உள்ளே வந்துவிடலாம்.

ரயில் நிலையத்திலிருந்து மையம் நடந்துபோகும் தூரம்தான், கால் மணி நேரம் அல்லது இருபது நிமிடம். மிக்கில்கேட் தெரு வழியாக இறங்கி, ஊஸ் பாலத்தைத் தாண்டி நேரே போனால் காப்பர்கேட். வரும் வழியில் பாலத்தின் மேல் நின்று தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். வெள்ளத்துக்குப் பேர்போன ஆறு அது. 2015 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள்களில், அந்தப் பக்கம் ஓடும் ஃபாஸ் ஆறு பெருகி மையத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்துவிட்டது. பழம்பொருள்களைப் பத்திரமாக வெளியே எடுத்துவிட்டார்கள், ஆனால் சவாரியும் காட்சிகளும் பாழாயின. பெரும் செலவில் புதிதாக அமைத்து 2017 ஏப்ரல் 8 அன்று மறுபடி திறந்தார்கள். நீங்கள் இப்போது பார்ப்பது அந்தப் புது அமைப்பு. அதனால் பழைய புத்தகங்களிலோ, பத்து இருபது வருடத்துக்கு முன் போனவர்கள் சொல்லியோ கேட்ட காட்சிகள் அங்கே அப்படியே இருக்காது.

கீழே இறங்கியதும்: கண்ணாடித் தரையில் நில்லுங்கள்

படியிறங்கிப் போனதும் முதல் அறை. தரை முழுக்கக் கண்ணாடி. அதற்குக் கீழே 1970களின் அகழாய்வுக் குழியை அப்படியே வடித்துக் காட்டியிருக்கிறார்கள்: கருத்த மரத்தூண்கள், பின்னல் தட்டிகளின் அடிப்பாகம், வீட்டின் சுவர் வரிசை. பெரும்பாலோர் இதன்மேல் நடந்து நேராக சவாரி வரிசைக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் போகாதீர்கள்.

இங்கே பத்து நிமிடமாவது செலவிடுங்கள். முதலில் மனைகளின் வடிவத்தைக் கண்ணால் பிடியுங்கள். தெருப்பக்கம் குறுகல், பின்னால் நீளம். தெருவை ஒட்டி வீடும் கடையும், பின்கட்டில் பட்டறை, அதற்கும் பின்னால் குழிகள். நம்மூர் அக்கிரகாரத்து வீடுகளையோ செட்டியார் கடைத்தெரு மனைகளையோ பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் சட்டென்று பிடிபடும். தெருமுகப்புக்கு மதிப்பு அதிகம், ஆகவே ஆளுக்குக் கொஞ்சம்.

பிறகு சுவர்களைப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கே இருந்தவை குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தட்டிச் சுவர் வீடுகள். பிற்பாதியில் கனமான ஓக் பலகைகளைக் கொண்டு, தரையில் பாதி புதைந்த நிலவறைக் கட்டடங்கள் எழுந்தன. தட்டியிலிருந்து பலகைக்கு மாறுவது என்றால் பணம் புழங்க ஆரம்பித்துவிட்டது, இடம் போதவில்லை, சரக்கைப் பத்திரப்படுத்த வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். எந்த ஆண்டில் வெட்டிய மரம் என்பதை மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அறையில் வைக்கிங் உடையில் ஆள்கள் நிற்பார்கள். வேஷம் கட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறார்கள் என்று ஒதுங்கிப் போய்விடாதீர்கள். விஷயம் தெரிந்தவர்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்: தோண்டி எடுத்த ஈர மரம் வெளியே வந்தபின் என்ன ஆகும்? காய்ந்தால் சுருங்கி வெடித்துத் தூளாகிவிடும். அதனால் ஈரத்திலேயே வைத்திருந்து, மரத்துக்குள் இருக்கும் நீரின் இடத்தில் மெழுகு போன்ற ஒரு வேதிப்பொருளை மாதக்கணக்கில் ஊறவிட்டு, பின்பு உறையவைத்து உலர்த்துகிறார்கள். இந்த வேலைக்கென்றே யார்க்கில் ஆய்வுக்கூடம் இருக்கிறது.

சவாரி

இங்குதான் வரிசை. பெட்டியில் ஏறி உட்கார்ந்ததும் எந்த மொழியில் விளக்கம் கேட்க வேண்டும் என்பதைத் தேர்வு செய்துகொள்ளலாம். ஆங்கிலம் தவிர வேறு சில மொழிகளும் உண்டு. பெட்டி மெதுவாக நகரும். குலுக்கலோ திடீர் பாய்ச்சலோ கிடையாது. இருட்டு இருக்கும், ஆனால் பயமுறுத்தும் சமாசாரம் இல்லை. கால் மணி நேரம் போல ஓடும்.

இரண்டு பக்கமும் தெரு விரியும். சரக்கு விற்கிறவர்கள், கொல்லர், மரம் கடைகிறவர், தோல் வேலைக்காரர், வீட்டுக்குள் புகை மண்டிய அடுப்படி, கொல்லையில் பன்றி. உருவங்கள் அசையும், பேசும். பேசுவது வைக்கிங்குகளின் மொழியான பழைய நோர்ஸ். சில உருவங்களின் முகங்கள் யார்க்கில் கிடைத்த அந்தக் காலத்து மண்டையோடுகளை வைத்து உருவாக்கப்பட்டவை. அதனால்தான் அழகுப் பொம்மை முகமாக இல்லாமல், பக்கத்து வீட்டு ஆள் முகமாக இருக்கிறது.

வாசனையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புகை, மீன், மாட்டுக்கொட்டில், கடைசியில் கழிப்பிடம் என்று வரிசையாக மூக்கைத் துளைக்கும். தட்டிக்குப் பின்னால் ஒரு ஆள் காலைக்கடன் முடித்துக்கொண்டு முக்கிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வருடம் கழித்துக் கேட்டாலும் அவர்களுக்கு ஞாபகம் இருப்பது இந்த ஒரு காட்சிதான். வாசனை ஒத்துக்கொள்ளாதவர்கள் கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம்.

முதல்முறை ஏறுகிறவர்களுக்கு ஒரு யோசனை. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று தலையை இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தால் ஒன்றும் பதியாது. ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். கூட வருகிறவர் மறுபக்கம் பார்க்கட்டும். இறங்கியபின் பேசிக்கொள்ள விஷயம் இருக்கும். அத்தோடு, மனிதர்களை விட்டுவிட்டு அவர்கள் கையில் இருக்கும் பொருள்களைக் கவனியுங்கள்: செருப்பு, சீப்பு, கிண்ணம், கத்தி, பூட்டு. இவற்றில் ஒரு நாலைந்தை நினைவில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். அடுத்த அறைகளில் அதே பொருள்களின் அசலைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. பிள்ளைகளுக்கு இதையே புதையல் வேட்டை என்று சொல்லிவிட்டால் காட்சிக்கூடத்தில் "எப்ப வீட்டுக்குப் போவோம்" என்ற பாட்டு வராது.

படம் எடுப்பதானால் ஃபிளாஷ் வேண்டாம். இருட்டில் எடுக்கும் படம் எப்படியும் தெளிவாக வரப்போவதில்லை, உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களின் காட்சிதான் கெடும்.

காட்சிக்கூடம்: இங்கே ஒரு மணி நேரம்

சவாரி முடிந்து இறங்கியதும் வெளிச்சமான அறைகள். இங்கேதான் ஆள்கள் நடையைக் கூட்டுகிறார்கள், பரிசுப்பொருள் கடை எட்டிப்பார்க்கும் தூரத்தில் இருக்கிறது. நீங்கள் வேகத்தைக் குறையுங்கள்.

முதலில் பிரபலமானதை முடித்துவிடுவோம். லாய்ட்ஸ் வங்கி மலம். ஆமாம், மலம்தான். 1972இல் யார்க்கில் லாய்ட்ஸ் வங்கிக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது கிடைத்ததால் அந்தப் பெயர். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு மனிதர் கழித்தது. 20 சென்டிமீட்டர் நீளம். கெட்டிப்பட்டு முழுசாகக் கிடைத்தது. 2003இல் கீழே விழுந்து மூன்று துண்டாக உடைந்ததை ஒட்டி வைத்திருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போய்விடக்கூடிய பொருள். ஆனால் அருகில் போய்ப் பாருங்கள். பழுப்பு நிறத்தில், கரடுமுரடாக, கையடக்கமான கல் மாதிரி இருக்கும். அந்த ஆள் பெரும்பாலும் இறைச்சியும் ரொட்டியும் சாப்பிட்டவர், காய்கறி பக்கம் அதிகம் போகாதவர் என்பதையும், வயிற்றில் சாட்டைப்புழுவும் உருளைப்புழுவும் நிறைய இருந்தன என்பதையும் அதிலிருந்து கண்டுபிடித்தார்கள். நூற்றுக்கணக்கில் முட்டைகள். எந்த அரசன் எந்தப் போரில் ஜெயித்தான் என்று சொல்ல ஏடுகள் இருக்கின்றன. ஒரு சாதாரண ஆளுக்கு வயிறு எப்படி வலித்தது என்று எந்த ஏடும் எழுதவில்லை. சவாரியில் அந்தக் கழிப்பிடக் காட்சி வெறும் கிண்டலுக்காக வைத்தது இல்லை என்பது இங்கே நிற்கும்போது தெரியும்.

அடுத்து அந்தக் காலுறை. கம்பளியால் ஆனது, குதிகால் வடிவம் கூடத் தெரியும். இரண்டு ஊசி வைத்துப் பின்னும் இன்றைய முறை வருவதற்கு முந்தையது. ஒற்றை ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாக முடிச்சிட்டுச் செய்தது. இங்கிலாந்தில் இந்த வகையில் கிடைத்தது இது ஒன்றுதான். தேய்ந்த இடத்தைப் பாருங்கள். போட்டு நடந்து நடந்து கிழிந்த பிறகு தூக்கி எறிந்த காலுறை. மன்னர்களின் புதையலைப் போல யாரும் பத்திரமாகப் புதைத்து வைத்தது இல்லை.

தோல் காலணிகள் நிறையக் கிடைத்தன. எலும்பால் செய்த பனிச்சறுக்குக் கட்டைகளும். குதிரை, மாட்டுக் கால் எலும்பை ஒரு பக்கம் தட்டையாகத் தேய்த்து, காலில் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கோலை ஊன்றித் தள்ளிப் போவார்கள். கூர்முனை கிடையாது என்பதால் இன்றைய சறுக்குக் காலணி மாதிரி காலை வீசி ஓட முடியாது. மரத்தால் ஆன ஒரு சிறு குழலும் கிடைத்திருக்கிறது. ஒரே கட்டையில் வரிசையாகத் துளையிட்டது. ஆயிரம் ஆண்டு சேற்றில் கிடந்தும் அதில் ஐந்து சுரம் ஊத முடிந்தது.

மான்கொம்புச் சீப்புகளின் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு கொம்பிலிருந்து சீப்பாகும் வரை அறுத்த துண்டு, பல் வெட்டாத தகடு, பாதி வெட்டியது, முடிந்தது என்று ஒவ்வொரு கட்டமும் கிடைத்திருப்பதால், அந்த மனையிலேயே சீப்பு செய்தார்கள் என்று சொல்ல முடிகிறது. கழித்துப்போட்ட துண்டு கிடைத்தால்தான் பட்டறை. முடிந்த பொருள் மட்டும் கிடைத்தால் அது வேறெங்கிருந்தும் வாங்கியதாக இருக்கலாம். இந்தக் கண்ணோட்டத்தோடு பார்த்தால் மரக்கிண்ணம், அம்பர் (கெட்டிப்பட்ட பழங்கால மரப்பிசின்) மணி, நாணயம் எல்லாவற்றிலும் இதே தர்க்கம் ஓடுவது தெரியும். கிண்ணம் கடையும்போது நடுவில் மிஞ்சும் கூம்பு வடிவக் கட்டைகள் கிடைத்திருக்கின்றன. நாணயம் அச்சடிக்கும் இரும்பு அச்சும், அதைச் சோதித்துப் பார்த்த ஈயத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன.

தூரத்திலிருந்து வந்தவை தனிக் கதை. நார்வேயிலிருந்து சாணைக்கல், ரைன் ஆற்றுப் பக்கமிருந்து திரிகைக்கல், கிழக்கேயிருந்து பட்டு. மத்திய ஆசியாவின் சாமர்கண்ட் நகர நாணயம் என்று ஒன்று கிடைத்தது. ஆராய்ந்தால் அது அந்தக் காலத்திலேயே செய்த கள்ள நாணயம். எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சோழி. செங்கடல் அல்லது ஏடன் வளைகுடாப் பக்கம் மட்டும் கிடைக்கும் வகை. அதை யார் கொண்டுவந்தார்கள், எத்தனை கை மாறியது என்பது தெரிய வழியில்லை. ஆனால் நம் பக்கத்துக் கப்பல்களும் போய்வந்த அதே கடலோரத்திலிருந்து ஒரு சோழி புறப்பட்டு வட இங்கிலாந்தின் சேற்றில் போய் முடிந்திருக்கிறது. கொள்ளைக்காரக் கூட்டம் என்று மட்டும் வைக்கிங்குகளை நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு, இவர்கள் கணக்குப் பார்த்து வியாபாரம் செய்தவர்கள் என்று புரியவைக்க இந்த ஒரு பெட்டி போதும். காட்சிப் பொருள்களை அவ்வப்போது மாற்றுவார்கள். தேடியது கண்ணில் படாவிட்டால் அங்கு நிற்கும் ஆள்களிடம் கேளுங்கள்.

எலும்புக்கூடுகளும் உண்டு. எலும்பில் இருக்கும் தடயத்திலிருந்து வயது, நோய், காயம் எல்லாம் எப்படிக் கணிக்கிறார்கள் என்று விளக்கியிருப்பார்கள். சின்னப் பிள்ளைகள் பயந்தால் அந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடலாம்.

கொம்பு வைத்த தலைக்கவசத்தைத் தேட வேண்டாம். அப்படி ஒன்று இங்கே கிடைக்கவில்லை, வைக்கிங்குகள் அப்படிப் போருக்குப் போனதற்குச் சான்றும் இல்லை. காப்பர்கேட் தலைக்கவசம் என்று கேள்விப்பட்டிருந்தால் அதையும் இங்கே தேடாதீர்கள். அது 1982இல் கடைத்தொகுதிக் கட்டட வேலையின்போது மண்வெட்டும் இயந்திரத்தில் இடறியது. எட்டாம் நூற்றாண்டு ஆங்கிலியர் காலத்தது, வைக்கிங்குகள் வருவதற்கு முந்தையது. இப்போது யார்க்ஷயர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

யார் யாரைக் கூட்டிப்போகலாம்

சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கென்று தனி அமைப்புள்ள சவாரிப் பெட்டி உண்டு. ஆனால் தீயணைப்புப் பாதுகாப்பு காரணமாக ஒரே நேரத்தில் பல நாற்காலிகளை உள்ளே விடமாட்டார்கள். முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். நடக்க முடிகிற பெரியவர்களுக்குச் சவாரி சிரமம் இல்லை. காட்சிக்கூடத்தில் நிற்பதுதான் கால் வலி. தள்ளுவண்டிக் குழந்தைகளுக்கும் சவாரியில் வண்டிக்கு இடம் இருக்காது, மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சத்தத்தையும் இருட்டையும் தாங்க முடியாத பிள்ளைகள் இருந்தால், முன்னதாக மையத்துக்கு எழுதிக் கேளுங்கள். கூட்டம் குறைந்த நேரத்தைச் சொல்வார்கள்.

ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குச் சவாரியும் நாற்றமும் போதும், காட்சிக்கூடத்தில் இழுத்துப் பிடிக்காதீர்கள். பெற்றோரில் ஒருவர் பிள்ளையை வெளியே கூட்டிப்போக, இன்னொருவர் நிதானமாகப் பார்த்து வரலாம்.

மிச்சமிருக்கும் நேரத்துக்கு

காலையில் யோர்விக் முடித்தால் மதியத்துக்குமேல் தரைக்கடியிலேயே இன்னொரு இடம் பார்க்கலாம். யார்க் தேவாலயத்தின் நடுக்கோபுரம் சரியும் நிலைக்கு வந்ததால் 1967 முதல் 1972 வரை அடித்தளத்தைப் பலப்படுத்தினார்கள். தோண்டத் தோண்ட ரோமானியக் கோட்டையின் தலைமைக் கட்டடச் சுவர்கள் வெளிவந்தன. 306இல் கான்ஸ்டன்டைன் ரோமானியப் பேரரசராக அறிவிக்கப்பட்டது இந்த ஊரில்தான். அந்த நிலவறை இப்போது அருங்காட்சியகம்; தேவாலய டிக்கெட்டிலேயே சேர்ந்துவிடும். யோர்விக்கில் வைக்கிங் மண்ணடுக்கைப் பார்த்த கண்ணோடு போனால், அதற்கும் கீழே இருந்த அடுக்கு இது என்று இடம் பிடித்துக்கொள்ளும்.

தலைக்கவசத்துக்காக யார்க்ஷயர் அருங்காட்சியகம் போக நினைத்தால் அது ரயில் நிலையம் போகும் வழியில், லெண்டல் பாலத்துக்கு இந்தப் பக்கம். ஆகையால் திரும்பும்போது ஊஸ் பாலத்துக்குப் பதில் லெண்டல் பாலம் வழியாக வாருங்கள். முன்பதிவு ரயில் டிக்கெட் எடுத்திருந்தால் குறித்த ரயிலைத் தவறவிட்டால் அந்த டிக்கெட் செல்லாது. அருங்காட்சியகத்துக்குள் நுழையும் முன் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.